போனில் அழுத குழந்தை

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்த நடுராத்திரியில் எழுத உட்கார்ந்ததற்குத் திட்டாதே. வேலை முடிய இவ்வளவு நேரமாகிவிட்டது. முழங்கால் வலி குறைந்ததா? என் பாப்பா நான் இல்லாமல் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

இங்கே ஒரு கூத்து நடந்தது. பேங்கிலிருந்து பேசுவதாக ஒரு பெண் கூப்பிட்டாள். என் கிரெடிட் கார்டில் யாரோ பணம் எடுக்கிறார்களாம், தடுக்க வேண்டுமென்றால் மொபைலுக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள் என்றாள். வைத்துவிடத்தான் போனேன். அதற்குள் அவள் பக்கத்தில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

"மன்னிச்சுக்கங்கக்கா, பல்லு முளைக்குது. பாத்துக்க ஆளில்ல, வேலைக்கே தூக்கிட்டு வந்துட்டேன்."

ஈரத்துணியைக் கடிக்கக் கொடு என்று சொல்லிக் கொடுத்தேன். பேச்சோடு பேச்சாக எண்ணையும் சொல்லிவிட்டேன்.

கார்டிலிருந்து பணம் போனதும் பேங்குக்கு ஓடினேன். அங்கே அதிகாரி சிரித்தே விட்டார். "அது ரெக்கார்டிங்மா. வாட்ஸ்அப்ல பாப்பா போட்டோ வச்சிருக்கீங்கல்ல, அதப் பாத்துட்டுத்தான் போட்டிருப்பாங்க. படிச்ச பொண்ணு, இப்படியா?"

எண்ணை நானே சொன்னதால் கடன் முழுக்க என் தலையில். லீவுக்கு ஊருக்கு வர எடுத்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். வாட்ஸ்அப்பிலிருந்து பாப்பா படத்தையும் எடுத்துவிட்டேன்.

உன்னிடம் யார் கேட்டாலும் எந்த எண்ணையும் சொல்லாதே. என் குரலில் யாராவது அழுதால்கூடச் சொல்லாதே.

இன்னொன்று. நான் பேசும்போது பாப்பா அழுதால், எனக்குக் கஷ்டமாக இருக்குமென்று அடுத்த அறைக்குத் தூக்கிப்போகிறாய். இனி போகாதே, போனைக் கிட்டே வை. அந்த ரெக்கார்டிங் குழந்தையின் அழுகை எனக்கு மனப்பாடம். பாப்பாவின் அழுகைதான் ஞாபகம் வரவில்லை.

சீக்கிரம் பதில் போடு, அம்மா.

உன் மகள்