ஒரு வரி கேட்டார்கள், ஒரு பக்கம் எழுதினேன்

தென்காசி,
சனிக்கிழமை காலை.

அன்பு மகள் முத்துச்செல்விக்கு அப்பா இசக்கிமணி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ அந்தக் குஜராத் பூஜ் வெயிலில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று இலஞ்சிக் குமாரரை வேண்டிக்கொள்கிறேன். குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டது, நான்கு நாளாக விடாத சாரல், துவைத்த துணி காயமாட்டேன் என்கிறது, அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, மெயினருவியில் தண்ணீர் அதிகமாகி வியாழக்கிழமை குளிக்கத் தடை போட்டார்கள். இதையெல்லாம் எழுதத்தான் உட்கார்ந்தீர்களா என்று அம்மா பக்கத்தில் நின்று முறைக்கிறாள். சொல்ல வேண்டியதற்குக் கை வரவில்லை, அதனால்தான் மழையைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். உன் கம்பெனிக்காரர்கள் அந்த விஷயத்தில் பொய் சொல்லவில்லை. உன்னை சைட் இன்சார்ஜ் ஆக்க வேண்டாம், காற்றாலைக் கோபுரத்தில் ஏற்றாமல் ஆபீசிலேயே போடுங்கள் என்று சொன்னது நான்தான். சித்திரை மாதம், வீரகேரளம்புதூர்க்காரர்கள் உன்னைப் பெண் கேட்டு வந்துபோன மறுநாள், சென்னையிலிருந்து உங்கள் அதிகாரி ஒருவர் போன் செய்தார். இன்சார்ஜ் ஆனால் நேரம் காலம் பார்க்காமல் போக வேண்டியிருக்கும், பெண்பிள்ளை, வீட்டில் சம்மதமா என்று மரியாதையாகக் கேட்டார். பொண்ணு காத்தாடி மேல ஏறுதாளாமே என்று மாப்பிள்ளையின் சித்தப்பா சிரித்த சிரிப்பு அப்போது என் காதை விட்டுப் போகவில்லை. வேண்டாம் சார் என்றேன். அதை ஒரு வரி எழுதி அனுப்பச் சொன்னார். முப்பது வருஷம் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டராக இருந்தவன் கை ஒரு வரியில் நிற்குமா? மேற்படி என் மகள், குடும்பச் சூழ்நிலை கருதி என்று ஆரம்பித்து ஒரு முழுப் பக்கம் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பினேன். கடைசியில், என் மகளின் விருப்பமும் இதுவே என்று எழுதினேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நீ போனில் அம்மாவிடம் பேசும்போது நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எங்கப்பா அப்படிச் சொல்லுதவரே இல்ல, மேனேஜர் இட்டுக்கட்டுதான்னு கம்ப்ளெயிண்ட்லயே எழுதிட்டேம்மா என்றாய். கையில் காப்பி டம்ளரை வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தேன் பார், அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. நீ போனை வைத்ததும் அம்மாவிடம் ஒத்துக்கொண்டேன். புள்ள பொய் சொன்னவளா ஆயிருவாள்லா, நீங்க சொல்லுதியளா நான் சொல்லட்டா என்று கேட்டவள் அதற்குப் பிறகு என்னோடு சரியாகப் பேசவில்லை. அவள் பயம் நியாயம்தான். வருகிற வெள்ளிக்கிழமை உன் புகார் மேல் நடக்கும் விசாரணையில் அந்தத் தாளை எடுத்து மேஜையில் வைத்தார்கள் என்றால் நீதான் பொய்ப் புகார் கொடுத்தவள் ஆவாய், இன்சார்ஜ் பதவி மட்டுமல்ல, இருக்கிற வேலையும் போகும்.

நான் ரைட்டராக இருந்தபோது மாடத்தி என்று ஒரு போலீஸ்காரப் பெண் இருந்தாள், லைசென்ஸ் வைத்திருந்தாள், ஜீப் ஓட்டுகிறேன் என்று கேட்டாள். நான் அவள் புருஷனுக்குப் போன் போட்டேன். அவர் வேண்டாம் என்றதும், சொந்த விருப்பத்தின் பேரில் என்று எழுதி, சீசன் முழுக்க அருவியில் பெண்கள் பக்கம் நிற்கவைத்தேன். ஐயா, என் டூட்டிய என் வீட்டுக்காரர்ட்ட எதுக்குக் கேக்குதிய என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். உனக்காக அந்தத் தாளை எழுதிய அன்றைக்குக்கூட எனக்கு அவள் ஞாபகம் வரவில்லை. இந்த நாலு நாளாகத்தான் வருகிறது.

நேற்று பஸ் ஏறிக் கடையநல்லூர் போனேன். உன்னோடு ஒரே நாளில் சேர்ந்து இப்போது இன்சார்ஜ் ஆகியிருக்கிற பரீதின் வாப்பா மூசா பாயைப் பார்த்து, உங்களிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா என்று விசாரித்தேன். எனக்கு எந்த போனும் வரல அண்ணாச்சி, அவன் அம்புட்டு உசரம் ஏறுததே ரெண்டு மாசம் கழிச்சுத்தான் எங்களுக்குத் தெரியும் என்றார். அதை எழுதித் தரக் கேட்டேன், தயங்காமல் எழுதிக் கொடுத்தார். வாப்பாவின் தாளைக் கொடுக்கப்போகிறாய் என்று பரீதிடம் நீ உன் வாயாலேயே முதலில் சொல்லிவிடு, அவன் நல்ல பையன்.

ஆகவே மகளே, திங்கட்கிழமையே விசாரணைக் குழுவுக்கு ஒரு கடிதம் கொடு. மேனேஜர் இட்டுக்கட்டினார் என்ற வரியைத் திரும்பப் பெறுகிறேன், அந்தத் தாள் எனக்குத் தெரியாமல் என் தந்தை கொடுத்தது என்று எழுது. அதற்குக் கீழே, எனக்கு இருபத்தேழு வயது, என் வேலையைப் பற்றி என்னைக் கேட்காமல் என் தந்தையை ஏன் கேட்டீர்கள், அதே வேலைக்கு ஆணின் தந்தையைக் கேட்டீர்களா என்று கேள். வேறு எதையும் சேர்க்காதே, கோபமான வார்த்தை ஒன்றுகூட வேண்டாம். மூசா பாயின் தாளும், நான் எழுதியது உன் சம்மதம் இல்லாமல் எழுதியது, அதில் கடைசி வரி பொய் என்ற என் வாக்குமூலமும் இதோடு இருக்கின்றன. இந்தக் கடிதத்தோடு எல்லாவற்றையும் இன்றைக்கே வாட்ஸப்பிலும் அனுப்புகிறேன், ஆனால் அசல் கையில் இருக்க வேண்டும் என்றுதான் ஸ்பீடு போஸ்ட். என்னை நேரில் கூப்பிட்டால் ரயில் ஏறி வருகிறேன். ஆங்கிலம் தடுமாறும், பரவாயில்லை.

வீரகேரளம்புதூருக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன், அதைப் பற்றிக் கவலைப்படாதே. அப்பா பேர் கெட்டுவிடும் என்று அந்த வாக்குமூலத்தை மட்டும் மடித்து வைத்துவிடாதே, உன் குணம் எனக்குத் தெரியும். கோபுரத்தில் ஏறும்போது பெல்ட்டை இரண்டு தடவை பார்த்துக்கொள். உனக்கு எல்லா நலமும் உண்டாகட்டும். இதைப் படித்துவிட்டு என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் சரி மகளே, வெள்ளிக்கிழமை அங்கே பேசாமல் இருந்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னைக் கேட்காமல் எழுதிய அப்பா,
சு. இசக்கிமணி