மாஜிதா வீட்டுக் கடலில் போட்ட சாக்கு மூட்டைகள்

ஸ்ரீவில்லிபுத்தூர்
4-10-1998

அன்பு மகன் அபுதாஹிருக்கு அத்தா பக்கீர் முகமது எழுதுவது. உன் மேல் ஸலாம் உண்டாகட்டும். நானும் உன் அம்மாவும் அல்லாஹ் புண்ணியத்தில் நடமாட்டத்தோடு இருக்கிறோம், அவள் முழங்கால் வலிதான் விட்டபாடில்லை, மதுரை டாக்டர் மாடிப்படி ஏறக்கூடாது என்றார், இவள் வத்தல் காயப்போட நாளைக்கு நாலு தரம் ஏறுகிறாள், கேட்டால் டாக்டரா வந்து வத்தல் அள்ளுவார் என்கிறாள். ராஜபாளையம் கடை பழையபடி நடக்கிறது, சணல் சாக்கு கேட்டு வருகிறவன் குறைந்துபோனான், எல்லாருக்கும் பிளாஸ்டிக் சாக்குதான் வேணும். நேற்று புரட்டாசி சனிக்கிழமை, நம்ம ஊர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைக் குன்றுக்கோயில் பெருமாளுக்குப் போகிற கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை, அதனால் கடைக்குப் போகாமல் வீட்டில் இருந்துவிட்டேன், இன்றைக்கும் விடுமுறை, சாவகாசமாக எழுதுகிறேன். உன் கடிதமும் போட்டோவும் கிடைத்தது. அலைமேல் பலகையைப் போட்டு நிற்கிற அந்த வெள்ளைக்காரனை உன் அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, ஏங்க இவனுக்கெல்லாம் அம்மா கிடையாதா என்று கேட்டாள்.

போனில் பேசுகிற காரியமில்லை இது, மீட்டர் ஓடுகிற ஓட்டத்தில் பாதி சொல்லிப் பாதி விட்டுப்போகும், அதனால்தான் கடிதம். அந்த வெள்ளைக்காரன் தேசத்தில் நீ வேலை பார்க்கிற கம்பெனி கடலுக்குள் பெரிய பெரிய பைகளில் மணலை நிரப்பி இறக்கி ஒரு பார் கட்டப்போகிறது என்று போன வருஷம் எழுதியிருந்தாய் அல்லவா, கடலுக்கடியில் இருக்கிற பாறைத் திட்டைத்தான் உன் தங்கை மாஜிதா வாக்கப்பட்ட ஊர் மீன்காரர்கள் பார் என்பார்கள், அதைச் செயற்கையாகச் செய்தால் அலை அதில் முட்டி உடையும், கரைக்கு வரும்போது சாதுவாகிவிடும், மணல் தங்கும் என்று விளக்கியிருந்தாய். அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஒரு நினைப்பு. அவள் வீட்டு மதிலுக்குப் பத்தடி தூரத்தில் கடல் வந்து நிற்கிறது, மாப்பிள்ளை அகமது கபீரின் கருவாட்டு குடோன் அந்த மதிலை ஒட்டித்தான். மணல் மூட்டைதானே, நாற்பது வருஷமாகச் சாக்கு விற்கிற எனக்கு இதற்கு இன்ஜினியர் எதற்கு என்று உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் இறங்கிவிட்டேன். நீ கோபப்படுவாய், படு, ஆனால் முழுசாகப் படித்துவிட்டுப் படு.

சித்திரையில் ஆயிரத்தைந்நூறு யூரியா சாக்கை நம்ம கடைக்கு லோடு அடிக்கிற பால்பாண்டி லாரியில் ஏற்றி அனுப்பினேன், நானும் கூடவே போனேன். ஊருக்குப் பின்னாலிருக்கிற தேரி மணல்மேட்டிலிருந்து செம்மணல் அள்ளி நிரப்பினோம். மூட்டை என்றால் குத்திக் குத்தி வாய் முட்ட நிரப்பிக் கோணியூசியால் தைக்கிறதுதானே நம்ம வழக்கம், தளர்ந்த மூட்டையை நம்ம கடையில் ஒருத்தன் கட்டினால் நான் சும்மா விடுவேனா, அதே மாதிரி கல்லு போலக் கட்டி, வள்ளத்தில் ஏற்றிக் கரையிலிருந்து முப்பது பாகத்தில், நம்ம கணக்கில் நூற்றெண்பது அடியில், வீட்டு அகலத்துக்கு வரிசையாக இறக்கினோம். நாலே நாளில் அத்தனையும் உருண்டுபோனது, உருண்டை மூட்டை கடலில் உட்காராது என்பது எனக்குத் தெரியவில்லை, பாதி வாய் பிளந்து கரையில் ஒதுங்கிக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பரிபூரணம், அந்த விதவை, ரெண்டு வள்ளம் வைத்துத் தொழில் நடத்துகிறவள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, என்ன சாயபு, கடலுக்கு மூட்டை ஏத்துறீகளா, அது லோடுமேன் மாதிரி இறக்கிப் போட்டுட்டுப் போயிட்டே என்று சிரித்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுபடியும் சாக்கு வரவழைத்து, இந்தத் தடவை முக்கால் அளவே நிரப்பி, தலையணை மாதிரி தட்டையாக மூன்றடுக்கு இறக்கி, மேலே பழைய வலையைப் போட்டுக் கட்டினோம். அது நின்றது.

நின்றது மட்டுமில்லை, ஆனி ஆடியில் தென்மேற்குக் காற்று அடிக்க அடிக்க மாஜிதா வீட்டு முன்னால் மணல் சேர்ந்துகொண்டே வந்தது, ஆவணியில் மதிலுக்கு முன்னால் நாற்பதடி. கபீர் எனக்கு பிரியாணி போட்டார், நானும் ராஜபாளையத்தில் கடைக்கு வருகிறவனிடமெல்லாம் கடலையே நிறுத்திவிட்டேன் என்று சொல்லித் திரிந்தேன். போன வாரம் திரும்பப் போனேன், வடக்கே பரிபூரணம் வீட்டு முன்னால் கரையே இல்லை. வெட்டிப்போட்ட மாதிரி இடுப்பளவுப் பள்ளம், வள்ளத்தை இழுத்து ஏற்ற வழியில்லை, அரை மைல் தள்ளி நிறுத்திவிட்டு வலையையும் எஞ்சினையும் அவள் வீட்டு ஆட்கள் தலையில் சுமந்து வருகிறார்கள், ஒரு வள்ளத்துக்கு அடிப்பலகை பிளந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. தெக்கேயிருந்து எங்களுக்கு வாற மண்ணு ஒங்க மக வாசல்ல உக்காந்திருக்கு சாயபு, எந்திரிச்சு வாங்கன்னா வருமா என்றாள். கடல் செய்கிறதுக்கு நான் என்னம்மா செய்ய என்று நான் வாதாடினேன், வியாபாரி வாய் சும்மா இருக்குமா. அவள் போன பிறகு ரெண்டு தென்னமட்டையைத் தண்ணீரில் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். ரெண்டும் வடக்கேதான் போனது. அவள் சொன்னது சரி, தப்பு என்னுடையது.

இப்போது கபீர் ஐப்பசி மழைக்கு முன்னால் இன்னொரு வரிசை போட வேணும் என்று பிடிவாதமாக இருக்கிறார். ஐப்பசியில் நீரோட்டம் தெற்கே திரும்பும், பரிபூரணம் வீட்டு முன்னால் அரித்துப்போன மணல் தானாகத் திரும்பி வரும், அவள் பேச்சுக்குப் பயந்து மகள் வீட்டை விட்டுக்கொடுப்பீர்களா மாமா என்று கேட்டார். வரலாம், வராமலும் போகலாம், அதற்குள் அவள் பிழைப்பு என்ன ஆவது. மாஜிதா அடுப்படியிலிருந்து வந்து, அத்தா, அவிய வள்ளம் நிக்க இடமில்லாம எம் மதில் நிக்கணுமா, அந்தம்மா இல்லாட்டி என் பிரசவத்துக்கு யார் ஓடி வந்தா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் கபீர் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் முடிவு பண்ணிவிட்டேன், சாக்கை அறுக்கத்தான் போகிறேன். குடோன் சரக்கை மெயின் ரோட்டுப் பக்கம் ஒரு கட்டடத்துக்கு மாற்ற ஏற்பாடு செய்திருக்கிறேன், கடல் பக்கத்து அறையில் யாரும் படுக்க வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. வீடு போகும் என்று சொல்லவில்லை, போனாலும் போகும் என்று தெரிந்துதான் அறுக்கிறேன்.

இனி உன் சமாச்சாரம். உங்கள் பார் ரெண்டுக்கும் ஆகும், அலைமேல் நிற்கிற பலகைக்காரர்களுக்கு நல்ல அலையும் கிடைக்கும், ஊர்க் கரையும் பிழைக்கும் என்று அந்த ஊர் சபைக்கு உன்னையே எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள் உன் கம்பெனியில், யோசனையாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். எனக்கு உன் படிப்பு கிடையாது, உன் கடிதத்திலிருந்தே கேட்கிறேன். பலகைக்காரனுக்கு அலை ஓங்கி எழும்பணும், ஒரே மூச்சில் கவிழாமல் ஒரு பக்கத்திலிருந்து வரிசையாக உடைந்துகொண்டே போகணும், அடியில் பை தட்டாத அளவுக்குத் தண்ணீரும் இருக்கணும் என்கிறாய். கரையில் வீடு வைத்திருக்கிறவனுக்கு அந்த அலை எழும்பவே கூடாது, பார் எவ்வளவுக்கு உயர்ந்து தண்ணீர் மட்டத்துக்கு வருகிறதோ அவ்வளவுக்கு நல்லது. ஒருத்தனுக்கு அலை வேணும், ஒருத்தனுக்கு வேண்டாம், ரெண்டு பேருக்கும் ஒரே சரக்கா. நானும் ஆரம்பத்தில் பருத்தி விதைக்கும் சீனிக்கும் இதே சாக்குதான் என்று அடித்துப் பேசி விற்றவன், விதைக்காரன் சந்தோஷமாகப் போனான், சீனிக்காரன் வழியெல்லாம் சிந்திக்கொண்டு போய் மறுவாரம் சட்டையைப் பிடித்தான். கொஞ்சம் அதற்கும் கொஞ்சம் இதற்கும் ஆகும் என்றால் எவ்வளவு ஆகும், வருஷத்தில் எத்தனை நாள் நல்ல அலை கிடைக்கும், பெரும்புயல் வந்தால் கரை நிற்குமா, பை கிழிந்தால் யார் தைப்பது, இதையெல்லாம் சேர்த்து எழுதினால் நீ எழுதிக் கொடுக்கலாம். முக்கியமாக, நீரோட்டம் போகிற பக்கத்தில் அடுத்து யார் வீடு இருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு எழுது. அதைப் பார்க்காமல் செய்தவன்தான் நான். வேலை போய்விடுமோ என்று பயமிருந்தால் அதையும் மறைக்காமல் எனக்கு எழுது, சேர்ந்து யோசிப்போம்.

உன் போட்டோவைப் பரிபூரணத்துக்கும் காட்டினேன், சண்டைக்கு நடுவில்தான். இம்புட்டுத்தானா, எங்க வீட்டு ஆளுக கட்டுமரத்துல நின்னுக்கிட்டேதான அலையைத் தாண்டுதாக, ஒருத்தனும் போட்டோ பிடிக்கலையே என்றாள். அப்புறம், சாக்கை அறுக்கிறேன் என்று நான் போய்ச் சொன்னபோது, ஒங்க மகன் இந்தப் படிப்புத்தான் படிச்சிருக்கான்னா அவன்கிட்டயே கேளுங்க சாயபு, எந்தப் பக்கத்திலிருந்து அறுத்தா எங்க மண்ணு திரும்பும், ஒங்க மக வீடும் ஒரே நாள்ல போகாம இருக்கும்னு என்றாள். என்னைத் திட்ட வந்தவள் மாஜிதா வீட்டையும் சேர்த்துத்தான் கேட்டாள்.

ஆகவே அதை எழுது. வடக்கு முனையிலிருந்து அறுக்கவா, நடுவில் வழி விடவா, மேலடுக்கை மட்டும் எடுக்கவா, மொத்தத்தையும் ஒரே தடவையில் எடுத்தால் ரெண்டு வீட்டுக் கரையும் சேர்ந்து போகுமா, அதுதான் என் பயம். இங்கிலீஷ் கணக்கெல்லாம் வேண்டாம், தமிழில் எழுதிக் கையால் ஒரு படம் போட்டு அனுப்பு. கபீரையும் பரிபூரணத்தையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து மாஜிதாவை விட்டுச் சத்தமாக வாசிக்கச் சொல்லப்போகிறேன், எது வந்தாலும் ஒரு வரி விடாமல் வாசிக்க வைப்பேன் என்று பரிபூரணத்திடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் எனக்காகவோ தங்கைக்காகவோ எதையும் மழுப்பாதே. உனக்குத் தெரியாது என்றால் தெரியாது என்றே எழுது, அதையும் வாசிப்போம். ஐப்பசி பிறந்து பத்து நாள் வரைக்கும் பார்ப்பேன், கடிதம் வரவில்லை என்றால் பரிபூரணம் கை காட்டுகிற இடத்திலிருந்து அறுக்க ஆரம்பித்துவிடுவேன்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. உன் அம்மா பருப்புப்பொடியும் நாரத்தங்காய் ஊறுகாயும் கட்டி வைத்திருக்கிறாள், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புவோம். அவளுடைய துஆவும் என்னுடைய துஆவும் எப்போதும் உன் கூட இருக்கிறது, அல்லாஹ் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தருவானாக. படத்தில் வடக்கு எது தெற்கு எது என்று மறக்காமல் குறித்துவிடு.

இப்படிக்கு
உன் அத்தா
மு. பக்கீர் முகமது