சாயக்காரன் கை

12 ஜூன் 2001, செவ்வாய் இரவு

அடுத்த வாரம் ஜெர்மனியில் பட்டுக் கண்காட்சி. நூலுக்குச் சாயம் போட்டுக் காட்ட என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்காக மஞ்சள் காமாலைத் தடுப்பூசி போட இன்று ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"நகமெல்லாம் மஞ்சளா இருக்குதே?" என்றார் டாக்டர்.

"சாயக்காரன் கை வேற எப்படி சார் இருக்கும்?" என்றார் இவர்.

டாக்டர் சிரித்துக்கொண்டே ஊசி போட்டார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். நாலு நாளாகச் சோற்றைக் கண்டாலே இவருக்குக் குமட்டுகிறது. "அதச் சொன்னா அனுப்ப மாட்டாங்கடி, கம்முனு இரு" என்று வழியிலேயே என் வாயை அடைத்துவிட்டார்.

இப்போது பாத்திரம் கழுவப் பின்கட்டுக்குப் போனேன். சாயத் தொட்டியில் சிலந்தி வலை கட்டியிருக்கிறது. பாஸ்போர்ட், விசா என்று அலைந்ததில் இவர் சாயத்தைத் தொட்டே ஒரு மாதம் ஆகிறது.