கறுப்புத் தாள் ஒட்டிய கேமரா

மச்சான்,

அந்தப் படம் விழாது என்று நான் அப்போதே சொன்னேன். ஸ்டூடியோவில் பிலிமைக் கழுவும் முன்பே சொன்னேன். "இவன் வாயால சொன்னா நடந்துரும்பா" என்று நீயும் அனகாபுத்தூர் முழுக்கச் சொல்லித் திரிந்தாய். அந்தப் பெயரை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் மனைவி ஒரு பிஸ்கட் டப்பாவை நீட்டினாள். "அண்ணா, இத உங்களாண்ட குடுக்கச் சொல்லிகினே இருந்தாரு." மூடியைத் திறந்தால் சைக்கிள் பஞ்சருக்குப் போடும் சொல்யூஷன் வாசனை. உள்ளே நம் பிளாஸ்டிக் கேமரா. பின்மூடியின் உட்புறம் கறுப்புத் தாள், அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று. பத்து வருடத்துக்கு அப்புறமும் வாசனை போகவில்லை என்றால், போன மாதம்கூட ஒட்டியிருக்கிறாய்.

பர்மா பஜாரில் துண்டு துண்டாக அட்டைப்பெட்டியில் வாங்கிய பொம்மை கேமரா அது. நாமேதான் முடுக்கிக் கோக்க வேண்டும். கூட வந்த தாளில் முழுக்க ஜப்பான் எழுத்து. அதை வரி விடாமல் படித்து நான்தான் கோத்தேன் என்று தாம்பரம் வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். படத்தைப் பார்த்துப் பார்த்துக் கோத்தது நீ. என் பங்கு, ஸ்பிரிங்கைத் தொலைத்தது. சரி, தேடிக் கொடுத்ததும் நான்தான்.

உன் அம்மாவுக்கு அதுவரை ஒரு போட்டோகூடக் கிடையாது. தறிக்குழியை விட்டு எழுந்து வந்து, கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தது. பார்க்க ஊரே திரண்டது. ஊர் என்றால், நாலு பேர்.

"அசையாத, மூச்ச புடிச்சிக்கோ" என்றாய். 'டிக்' என்று சத்தம். நாம் இருவரும் குதித்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு அம்மாவை மறந்தே போனோம்.

"டேய், மூச்ச வுடலாமா?" என்றது அம்மா, முகம் சிவக்க.

மீதிப் பிலிமில் தறியையும் தெரு நாயையும் பிடித்தோம். மறுநாள் உனக்கு வேலை. கேமராவோடு தாம்பரம் ஸ்டூடியோவுக்குப் போனவன் நான். பிலிமைக் கொடுத்துவிட்டு வந்து, படம் விழாது என்றேன்; இரண்டு நாள் கழித்துப் போய் வாங்கி வந்து, முழுக்கக் கரி என்றேன். "பொட்டியில வெளிச்சம் ஒழுவுதாம், கோத்தது சரியில்லன்னு ஸ்டூடியோக்காரரு சொல்றாரு" என்றேன்.

நீ கோபப்படவில்லை. "எங்க ஒழுவுதுன்னு பாத்துர்றேன். பொட்டி சரியானதுக்கு அப்பறந்தான் அம்மாவ திரும்ப ஒக்கார வைக்கணும். ரெண்டாந்தபா ஏமாத்தக் கூடாது" என்றாய். வெயிலில் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி உள்ளே பார்ப்பாய். ஓட்டை தெரியாது. இருந்தாலும் ஒட்டுவாய். இன்னொரு ரோல் போட்டுப் பார்க்கலாமே என்று நான் சொல்லியிருக்கலாம். நன்றாக விழுந்துவிட்டால் என் பேச்சு பொய்யாகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த வருட மழையில் அம்மா போய்விட்டது.

போட்டோவுக்கென்று வாங்கி வைத்திருந்த சட்டத்தில் அம்மா பெயரை எழுதி மாட்டினோம். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று என்னையே எழுதச் சொன்னாய். எட்டாவதோடு நின்றவனுக்கு அது எவ்வளவு பெரிய பெருமை! எழுதினேன், மச்சான். ஒரு எழுத்துகூடக் கோணவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

இப்போது சொல்லிவிடுகிறேன். பல்லாவரத்தில் ரயில் ஏறினேன். மடியில் கேமராவைப் பார்த்துவிட்டு எதிரில் இருந்தவர் விசாரித்தார். நானே செய்தது என்றேன். "நீயா? உள்ள இன்னா கீது, காட்டு பாப்போம்" என்று சிரித்தார். குரோம்பேட்டை தாண்டியதும், ஜன்னல் வெயிலில், பின்மூடியைத் திறந்து காட்டினேன். ரயில் பெட்டியே வாயைப் பிளந்தது. அதாவது, அந்த ஒரு ஆள். தாம்பரத்தில் இறங்கும்போதுதான் உள்ளே பிலிம் இருப்பது நினைவுக்கு வந்தது. அங்கிருந்துதான் வந்தது என் ஜோசியம்.

எங்கேயாவது யாராவது போட்டோவுக்கு உட்கார்ந்தால் இன்றைக்கும் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது. விடலாம் என்று சொல்ல ஆள் இல்லை.

ஸ்டூடியோக்காரர் உன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "யாருப்பா வெளிச்சத்துல தொறந்தது?" என்று மட்டும்தான் கேட்டார். உன் பெட்டியில் ஓட்டையே இல்லை, மச்சான்.