நொச்சி மணம்

கரடியனாறு
புரட்டாதி, 1997

அன்புத் தம்பி அருமைநாயகத்துக்கு,

அக்கா சீதேவிப்பிள்ளை எழுதிக்கொள்வது. நோர்வேயில் குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போ. இங்கே இன்னும் மழை இல்லை. வயல் வட்டையெல்லாம் வெடித்துக் கிடக்கிறது.

நீ அனுப்பிய கண்ணாடிக் குழாய் உடையாமல் வந்ததா என்று இரண்டு கடிதத்திலும் கேட்டிருந்தாய். பதில் போடாததற்குக் கோபிக்காதே. உடையாமல்தான் வந்தது, தம்பி.

வலி மாத்திரைகளை இராணுவம் இந்தப் பக்கம் கொண்டுவர விடாத நாளிலிருந்து, வீங்கிய முழங்காலோடு வயல்காரர்கள் நம் வீட்டுக்குத்தான் வந்தார்கள். உன் அத்தான் நொச்சி இலையை அவித்து, அந்த ஆவியில் எடுத்த எண்ணெயைத் தேங்காயெண்ணெயில் கலந்து கொடுப்பார். சிலருக்கு நன்றாகவே வீக்கம் வற்றியது. அதில் இருக்கும் காரியோபிலீன் என்ற பொருள் வீக்கத்தைத் தணிப்பதை உங்கள் ஆய்வுகூடத்தில் எலிகளில் பார்த்தார்கள் என்று நீ எழுதியதை, அவர் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினார். "நம்மட வேலி நொச்சி நோர்வே மட்டும் போயிட்டு" என்று சொல்லிச் சிரித்தாராம். பாதி ஆவி வீணாகப் போகிறது என்று அவர் கவலைப்பட்டதால்தானே, அதைக் குளிரவைக்கும் குழாயை நீ வாங்கி அனுப்பினாய்.

ஏறாவூரில் கடை வைத்திருக்கும் முத்தலிப் காக்காவின் முகவரிக்குப் பொதி வந்தது. அத்தான் சைக்கிளில் போய் எடுத்துக்கொண்டு திரும்பும்போது சோதனைச்சாவடியில் பையைத் திறந்தார்கள். கண்ணாடிக் குழாய், ரப்பர் குழாய், காக்காவுக்குக் கொடுத்து மிச்சமிருந்த ஒரு போத்தல் நொச்சி எண்ணெய். குண்டு செய்கிற சாமான் என்றார்கள். தெரிந்த சிங்களத்தில் வாத்தியார் என்றும் மருந்து என்றும் இவர் சொல்லியிருக்கிறார். கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

முத்தலிப் காக்கா கடையைப் பூட்டிவிட்டு முகாம் வாசலில் போய்ப் போய் நின்றார். கடைசியில் ஒரு பெரிய அதிகாரி கூப்பிட்டு விசாரித்தபோது, சாரத்தை உயர்த்தித் தன் முழங்காலைக் காட்டினாராம். "இதில பூசினதும் அந்த எண்ணெய்தான் சேர். குண்டெண்டா நான் எப்பயோ வெடிச்சிருப்பன்" என்றாராம். அந்த மனிதருக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். அந்தச் சிரிப்பில்தான் அத்தான் வெளியே வந்தார்.

வரும்போது அவருடைய வலக்கை விரல்களை மடக்க முடியவில்லை. மணிக்கட்டு வரைக்கும் வீக்கம்.  வீட்டில் மிச்சமிருந்த எண்ணெயை எடுத்து மெல்லத் தடவப் போனேன். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "வேணாம் புள்ள, இந்த மணம் வேணாம். அந்தப் போத்தல உடைச்ச அறைக்குள்ளதான் என்னை வெச்சிருந்தவனுகள்" என்றார். அங்கே நடந்ததைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

உப்புத் தண்ணீர் ஒத்தடத்தில் வீக்கம் ஒருவாறு வற்றியது. ஆனால் விரல் இரண்டு வளைந்தபடியே நின்றுவிட்டன. கரும்பலகையில் எழுதச் சோக்கட்டி பிடிக்க வரவில்லை. போன கிழமை பக்கத்து வீட்டு இரத்தினம்மா காலை இழுத்து இழுத்து வந்து எண்ணெய் கேட்டா. இல்லை என்று நான்தான் சொன்னேன். அவ போன பிறகு அத்தான் கத்தியை இடக்கையில் எடுத்து, வேலியில் நின்ற நொச்சியையெல்லாம் வெட்டித் தள்ளினார். வெட்ட வெட்ட வளவு முழுக்க அந்த மணம். தாங்கமாட்டாமல் கிணற்றடியில் குந்தியிருந்து ஓங்காளித்துச் சத்தியெடுத்தார். நான் தண்ணீர் வார்த்தேன். வேறு என்ன செய்ய?

தம்பி, நீ நல்லதை நினைத்துத்தான் அனுப்பினாய். இதை நினைத்துப் படிப்பைக் குழப்பிவிடாதே. இன்னொரு குழாய் அனுப்புகிறேன் என்றும் எழுதிவிடாதே. அவருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. எண்ணெயைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். பனியைப் பற்றி எழுது. அங்கே என்ன மீன் வாங்குகிறாய், எப்படிச் சமைக்கிறாய் என்று எழுது. உன் கடிதம் வந்தால் முழுக்க வாசிப்பார்.

இதை முத்தலிப் காக்காவிடம் கொடுத்து அனுப்புகிறேன். மாமாங்கேஸ்வரர் உனக்குத் துணை நிற்கட்டும். எந்த ஊருக்குப் போனாலும், உன் பையைத் திறந்து பார்க்கிறவன் நல்ல மனிதனாக இருக்கட்டும்.

உன் அக்கா,
சீதேவிப்பிள்ளை