செப்டிக் டேங்க் ஃபோல்டர்

அன்புள்ள சுண்டுவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். உன் சுகச் சேதி ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவின் காது வழியாகத்தான் எனக்கு வந்து சேர்கிறது, இந்த முறை நானே கேட்கிறேன், நன்றாக இருக்கிறாயா? அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் நூலகத்தில் மேல்மாடி அலமாரிகளைத் தன்னைத் தவிர யாரும் ஒழுங்காக அடுக்குவதில்லை என்று தினமும் படி ஏறி இறங்குகிறாள், சொன்னால் கேட்கிற ஆளா. நான் வழக்கம்போல முன்னறையில் உட்கார்ந்து வீட்டுப் பிளான் வரைந்துகொண்டிருக்கிறேன். சமையலறை ஜன்னல் மறுபடி இறுகிக்கொண்டது, ஊருக்கெல்லாம் வீடு வரைகிறவருக்குச் சொந்த ஜன்னலைத் திறக்கத் தெரியவில்லை என்று அம்மா கேலி செய்கிறாள். பார், எதையெதையோ சொல்லிக்கொண்டு போகிறேன். சொல்ல வந்தது வேறு, அதற்குத்தான் இவ்வளவு சுற்றி வளைக்கிறேன்.

போன மாதம் என் கம்ப்யூட்டர் ஒரு பிளானைத் திறப்பதற்குள் நான் முகம் கழுவிவிட்டே வந்துவிடலாம் என்கிற நிலைமைக்கு வந்துவிட்டது, உள்ளே ஹார்ட் டிஸ்க் டிக் டிக்கென்று சத்தம் வேறு. அடுத்த தெருவில் மாடிப்படிக்குக் கீழே ஒரு அம்மா கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார், அவரை வரவழைத்தேன். டிஸ்க் போகப்போகிறது, எஸ்எஸ்டி என்று புது மாதிரி டிஸ்க் போட்டுவிடலாம், ஆனால் புதியதில் இடம் குறைவு, எது வேண்டும் எது வேண்டாம் என்று நீங்களே பிரித்துச் சொல்லுங்கள் என்றார். நானும் நீதிபதி மாதிரி உட்கார்ந்து வேண்டும், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ‘செப்டிக் டேங்க் பழசு’ என்று ஒரு ஃபோல்டர் வந்தது. பழைய செப்டிக் டேங்க்கைத் தேடிக்கொண்டு யார் வரப்போகிறார்கள், வேண்டவே வேண்டாம் என்றேன், பழைய டிஸ்க்கை அப்படியே துடைத்து நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் தாராளமாகச் சொல்லிவிட்டேன். நல்ல வேளை, அவர் சொன்னவுடன் துடைக்கிற ஆள் இல்லை. விட்டுவிடப்போவது ஒவ்வொன்றும் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நிமிர்ந்து, ஒரு செப்டிக் டேங்க்குக்கு முப்பத்தெட்டு ஜிபியா சார், எந்த ஊருக்குக் கட்டினீங்க என்று கேட்டார். திறந்தார். உள்ளே உன் படங்கள்.

ஆமாம் சுண்டு, நீ செய்துகொண்டிருந்த அந்தக் கார்ட்டூன் படம். நான் அதை அழிக்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் நீ கட்டடப் படிப்பின் கடைசிப் பரீட்சைக்குப் போகாமல் இதைத்தான் வரைந்துகொண்டிருந்தாய் என்று தெரிந்தபோது எனக்குத் தலைகால் தெரியாத கோபம். வீட்டை விட்டுக் கிளம்பும்போது, அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டாய். எல்லாத்தையும் அழிச்சாச்சு என்று வாய் கூசாமல் சொன்னேன். நீ சண்டை போடுவாய் என்று நினைத்தேன். நீ “சரிப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டாய். உண்மையில் முந்தின நாளே அதை யாரும் திறந்து பார்க்காத ஒரு பெயருக்குள் ஒளித்து வைத்திருந்தேன், கோபம் ஆறியதும் கொடுத்துவிடலாம் என்று. கோபம் ஆற ஒரு வருஷம் ஆனது. அதற்குள் எங்கே ஒளித்தேன் என்பது மறந்துபோயிற்று, என் தொழிலில் வருஷத்துக்கு ஒரு செப்டிக் டேங்க் ஃபோல்டர், வடிகாலுக்குத் தனி, தண்ணீர்த் தொட்டிக்குத் தனி. இரண்டு முறை தேடினேன். கிடைக்கவில்லை என்றதும், கோபத்தில் நிஜமாகவே அழித்துத் தொலைத்துவிட்டேன் என்றே நம்ப ஆரம்பித்துவிட்டேன். நீ இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை செய்கிறாய், பென்சிலையே தொடுவதில்லை என்று அம்மா சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவேன். வெட்கம்தான், வேறென்ன.

படத்தைத் திறந்தால் வெறும் கட்டங்களாக வந்தது, ஒவ்வொன்றிலும் படம் கிடைக்கவில்லை என்ற வரி. அந்தக் கடைக்கார அம்மாதான் விளக்கினார், படங்கள் பத்திரமாக இருக்கின்றன, ஆனால் கார்ட்டூன் ஃபைல் உங்கள் மகள் வைத்த இடத்திலேயே அவற்றைத் தேடுகிறது, நீங்கள் வேறு இடத்துக்குத் தூக்கிப் போட்டுவிட்டீர்கள், இருந்த இடத்தில் இருந்த பெயரிலேயே திரும்ப வைத்தால் வரும் என்றார். பழைய டிஸ்க்கை ஒரு சின்னப் பெட்டிக்குள் போட்டு, கேபிள் மாட்டி, கம்ப்யூட்டரில் அதற்கு முன்பிருந்த டி என்ற டிரைவ் எழுத்தையே கொடுத்தார். ஃபோல்டருக்கு என்ன பெயர் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. ‘அப்பாவுக்கு அனுமதி இல்லை’. அவர் முன்னால் நானே அதை டைப் செய்தேன், அவர் மரியாதைக்கு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். அனுமதி இல்லாமல்தான் பார்த்தேன், மன்னித்துக்கொள். காதில் பென்சில் செருகிய ஒருவன், கையில் டேப். பூனையை அளக்கிறான், மழையை அளக்கிறான், பெண்டாட்டி கொட்டாவி விட்டால் அதையும் அளந்து குறித்துக்கொள்கிறான். யார் என்று கேட்கவே வேண்டியதில்லை, சிரித்துவிட்டேன். பிறகு ஒரு சின்னப் பெண் ஒரு தாளைக் கொண்டுவந்து அவனிடம் நீட்டுகிறாள். அவன் அந்தத் தாளின் நீளத்தை அளக்கிறான், அகலத்தை அளக்கிறான், தலையாட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். அதோடு படம் நின்றுவிடுகிறது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் எனக்குக் காப்பியை மேஜையில் டொக்கென்று வைத்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள், போன்ல சொல்லாதீங்க, போன்ல நீங்க அங்க மழையான்னுதான் கேப்பீங்க, எழுதுங்க என்றாள். உன் படம் இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது. புது எஸ்எஸ்டியில் ஒன்று, அதற்காக என் பழைய பிளான்கள் பாதியைப் பழைய டிஸ்க்கிலேயே விட்டுவிட்டேன், தேவைப்பட்டால் கேபிள் மாட்டி எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பழைய டிஸ்க்கில் ஒன்று, அதைத் துடைக்கப்போவதில்லை. மூன்றாவது இந்தக் கடிதத்தோடு வரும் சின்னப் பெட்டியில். ஈரம் படாமல் வை, திறப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்துக்கொள், டி என்ற எழுத்தை மறந்துவிடாதே. வரையச் சொல்லி நான் கட்டாயப்படுத்தவில்லை, உன்னைக் கட்டாயப்படுத்திய லட்சணத்தைத்தான் பார்த்தோமே. வேளாவேளைக்குச் சாப்பிடு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்கிரீனைப் பார். எங்கே இருந்தாலும் நீ நினைத்தது நடக்கட்டும், அம்மாவின் ஆசியும் என் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தத் தாளின் முன்பக்கத்தை நீ ஒரு கட்டத்திலும் காட்டவில்லை, நான்கு முறை ஓடவிட்டுப் பார்த்துவிட்டேன். அதில் என்ன வரைந்திருந்தாய்?

அழித்ததாகச் சொன்ன,
உன் அப்பா