தொண்டையை நம்பிய பிழைப்பு

நேற்று சாயங்காலம் மந்தைவெளி வீட்டில் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டு டிவியில் நீ பேசினாய். பழைய சீரியல் ஒன்றில் கதாநாயகி அழுதுகொண்டிருந்தாள். முகம் அவளுடையது, அழுகை உன்னுடையது. காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் காட்சி முடியும்வரை நின்றேன். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது.

கோடம்பாக்கத்தில் நாம் இருவரும் ஒன்றாகத்தான் டப்பிங் பேச ஆரம்பித்தோம். எனக்கு எப்போதும் தோழி, அண்ணி, கூட்டத்தில் கத்தும் பெண். உனக்குக் கதாநாயகி. அந்த சீரியலுக்குப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் உன் கழுத்தில் கட்டி வந்தது. தைராய்டு, ஆபரேஷன் செய்ய வேண்டும், குரல் கொஞ்சம் மாறலாம் என்றார் அடையாறு டாக்டர். வெளியே வந்ததும் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டாய்.

"யார்கிட்டயும் சொல்லாதடி."

"லீவு கேளேன். குடுக்க மாட்டாங்களா?"

"குடுப்பாங்க. திட்டக்கூட மாட்டாங்க. பாவம், அவங்களுக்கு முடியலைன்னு நல்ல மனசோட வேற ஆளைக் கூப்பிடுவாங்க. அப்புறம் அதுவே பழகிடும்."

நமக்கு மாதச் சம்பளம் கிடையாது, பேசினால்தான் காசு. சீரியல் முடியட்டும் என்று தள்ளிப்போட்டாய். சீரியல் முடியவில்லை. கட்டிதான் வளர்ந்தது.

கடைசியில் சோறு விழுங்க முடியாமல் போய்த்தான் ஆஸ்பத்திரியில் படுத்தாய். ஆபரேஷனுக்குப் பிறகு வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அந்த வாரமே, டப்பிங்குக்கு ஆள் அனுப்பும் கோஆர்டினேட்டர் என்னைக் கூப்பிட்டார், உன் இடத்தில் பேச. நேராக உன் வீட்டுக்கு வந்தேன். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாய்.

"போடி. நீ போகலைன்னா வேற யாராவது போவாங்க. அந்த ஹீரோயின் அழறதுக்கு முன்னாடி ஒருதரம் மூக்கை உறிஞ்சுவா, அதை விட்டுடாதே."

அவ்வளவு பேசவே உனக்கு மூச்சு வாங்கியது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

குரல் திரும்பியபோது கரகரவென்று இருந்தது. யாரும் உன்னை ஒதுக்கவில்லை. எல்லோரும் "ரெஸ்ட் எடுங்க" என்றார்கள். ஒருதரம் பேய் வேஷத்துக்குக் குரல் கொடுக்கக் கூப்பிட்டார்கள். "பாத்தியா, எனக்குன்னே எழுதியிருக்காங்க" என்று சிரித்தாய். ஒரு நாள் வேலை அது. பிறகு தி. நகரில் ஒரு துணிக்கடையில் பில் போட்டாய். கட்டி புற்றுநோயாகத் திரும்பி வந்தபோது, அங்கேயும் சொல்லாமல்தான் போய் வந்துகொண்டிருந்தாய்.

சமீபத்தில் என் குரலும் உடைந்தது. குரல்நாணில் சின்ன முடிச்சு, மூன்று வாரம் பேசவே கூடாது என்றார் டாக்டர். மறைத்துவிடத்தான் எனக்கும் முதலில் தோன்றியது. ஆனாலும் கோஆர்டினேட்டருக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன். "ரெஸ்ட் எடுங்கக்கா, பார்த்துக்கலாம்" என்று உடனே பதில் வந்தது. அந்தப் "பார்த்துக்கலாம்" என்னைப் பயமுறுத்தியது. மறுநாள் நேரிலேயே போய், போனில் டைப் செய்து அவர் முன்னால் நீட்டினேன்: "மூணு வாரத்துக்கு யார் வேணா பேசட்டும். அப்புறம் என் வேஷத்தை எனக்கே தரணும். தருவீங்களா, மாட்டீங்களா? இப்பவே சொல்லுங்க."

அவர் நெளிந்தார். "தரேன்க்கா" என்றார்.

நான் பேசிக்கொண்டிருந்த இரண்டு சீரியலில் ஒன்றைத் தந்தார். இன்னொன்று போனது போனதுதான். ஆனால் கேட்டேன். அந்தத் தைரியம் நீ சொல்லிக்கொடுத்து வந்ததல்ல. உனக்கு நடந்ததைப் பக்கத்திலேயே இருந்து பார்த்ததில் வந்தது.